யன்னலோரப் பட்டுநூல்

முதலில் நம்பிய மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் பட்டுநூலைத் தையற்கார நானா பிளேடால் அறுக்கிறார் என்று நம்பினேன். எட்டு நாள் நம்பினேன். எந்தக் கோயிலிலும் நான் அவ்வளவு உறுதியாக எதையும் நம்பிக் கும்பிட்டதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. காலையில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை. பின்னேரம் தூண்டில் கட்டுகிற வேலை. வெள்ளைச் சேவலின் கழுத்திறகை ஈயத் தலைக்குப் பின்னால் கட்டி, தூண்டில் முள்ளை அதற்குள் மறைத்து, ஓடுகிற படகுக்குப் பின்னால் இழுத்தால், பாரையும் அறுக்குளாவும் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துப் பாய்ந்து கடிக்கும். நான் பாவித்த பெரிய முள்ளுக்குக் கண் கிடையாது, தட்டை வால்தான். அதைக் கயிற்று நுனியில் வருகிற கம்பியோடு சேர்த்துப் பிடித்து நூலால் நெருக்கி வரிந்து கட்டினால்தான் நிற்கும். ஆக, இந்தப் பக்கம் மனிதன், அந்தப் பக்கம் மீன், நடுவில் என்னுடைய நூல்.

அந்த நூல் ஒரு வெள்ளைக்காரனுடையது. கடற்படை துறைமுகத்தைக் காலி பண்ணிய காலத்தில், மலைநாட்டு ஓடைகளில் மீன்பிடிக்கப் போய்வருகிற ஒரு அதிகாரி தன் சாமான்களைக் கட்டியபோது என் கையில் ஒரு விசுக்கோத்துத் தகரப் பேணியையும் மேசையில் பூட்டித் திருகுகிற ஒரு சின்ன இரும்பு இடுக்கியையும் திணித்துவிட்டுப் போனார். அவர் அந்த இடுக்கியில் முள்ளைப் பூட்டி, இறகும் நூலும் சுற்றி, ஈயும் கொசுவும் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் களவாகப் பிடித்துக்கொண்ட தொழில்தான் என்னுடையது. நான் செய்தது கொசு இல்லை. எங்கள் மீனுக்குக் கொசு பல்லிடுக்குக்கும் காணாது.

பேணி சில வருடம் அக்காவின் அலுமாரியில் கிடந்தது. திறந்தபோது உள்ளே நூற்கட்டைகள், ஒவ்வொன்றும் கறுத்தக் கடதாசியில் தனித்தனியாகச் சுற்றி. மெழுகு பூசிய மெல்லிய பட்டு. முறுக்கே இல்லாத தட்டைப் பட்டு. அது சொரசொரத்த விரலில் பட்டால் சிலுப்பிக்கொண்டு நிற்கும். ஒரு சீலைப் பொட்டலத்தில் கற்பூரம். மூடியைச் சுற்றி நாடா.

பிணத்தைக்கூட இவ்வளவு இறுக்கி மூடமாட்டார்கள் என்று சிரித்தேன். எங்கள் கரையில் மூடி வைத்தது நாறும், வெயிலில் போட்டது நிலைக்கும். வலையை வெயிலில் போடுகிறோம். பாயை, நெல்லை, மிளகாயை, கீறி உப்பிட்ட மீனைப் போடுகிறோம். படுக்கையில் பெய்த பிள்ளையையும் சிலவேளை பாயோடு சேர்த்துத்தான் போடுகிறோம். வெள்ளைக்காரன் ஊரில் வெயில் இல்லை, பாவம், பேணியில் போடுகிறான். எனக்கு என்ன வந்தது? மாரி முடிந்து முதல் நல்ல வெயில் எறித்த அன்றே யன்னல் சட்டத்தில் இரண்டு வரிசை ஆணி அடித்து, கடதாசியெல்லாம் கிழித்தெறிந்து, நூற்கட்டைகளை மாட்டினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. பார்க்கிறவர்கள் தேர்த்திருவிழா என்றார்கள்.

யன்னல் என்னுடையது மட்டுமில்லை. கடைத்தெருவுக்குப் பின்னால் அந்த ஒற்றை அறையை நானும் தையற்கார நானாவும் பாதிப் பாதியாக எடுத்திருந்தோம். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்போம். காலை லோஞ்சில் குடாக்கடலைக் கடந்து மூதூரிலிருந்து வந்து பின்னேர லோஞ்சில் திரும்புகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், மெலிந்தவர், குரலை உயர்த்தமாட்டார். சவர பிளேடை இரண்டாக முறித்து, பிழைத்த தையலைப் பிரிக்க அதில் ஒரு துண்டை விரலிடுக்கில் வைத்தபடியே இருப்பார். அதோடேயே தேத்தண்ணி குடிப்பார். பார்க்கிற எனக்குத் தொண்டை கூசும்.

யன்னல் மேற்கே பார்த்தது. மத்தியானம் திரும்பியதும் வெயில் நேரே உள்ளே வந்து விழும். நானா எழுந்து யன்னல் கதவைச் சாத்துவார். நான் வந்து திறப்பேன்.

“தம்பி, சாத்துங்க. வெயில் சீலையத் திண்டுடும். உங்கட நூலுக்கும்தான் சொல்றன்.”

அளவு கொடுக்க வந்த இரண்டு பேர் அப்போது நின்றார்கள். ஆள் நின்றால் எனக்கு வாய் சும்மா கிடக்காது.

“வெயில் தின்னுமெண்டா அதுக்கும் பசி தாகம் இருக்கும் நானா. முதல்ல ஒரு கழுசான் தைச்சுக் குடுங்க. அம்மணமா வந்து நிக்குது, வெக்கமில்லாம.”

வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பகிடியை நான் விடவில்லை. யார் வந்தாலும் நானாவின் குரலில் “வெயில் திண்டுடும்” என்று நடித்துக் காட்டுவேன். நாலு தரம் நடித்தபின் நானா சொல்வதை நிறுத்தினார், சாத்துவதை நிறுத்தவில்லை. முதல் வருடம் ஒரு தூண்டிலும் அறாததால் எனக்குத் தலைக்கனம் ஏறிப்போனது. அடுத்த வருடம் ஒருநாள் நான் யன்னல் கதவை வெடுக்கென்று இழுத்துத் திறக்க, அது சுழன்று வந்து அவர் முழங்கையில் அடித்தது. அவர் கையிலிருந்த அயன்பெட்டி கரியும் நெருப்புமாக என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்து தரையைக் கருக்கியது. தவறி விழுந்ததா, எறிந்ததா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அன்றோடு கதை இல்லை. ஒரே அறையில் இரண்டு ஊமைகள்.

தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கிய ஒரு புதன்கிழமை சம்மாட்டி வந்தார். நாலு மெசின் படகுக்குச் சொந்தக்காரர். அந்த வருடத்துக்கான நாற்பது தூண்டிலும் நான் அவருக்குக் கட்டிக் கொடுத்தவை. வந்தவர் என் மேசையில் ஒரு வெறுங்கம்பியை வைத்தார்.

“இது என்ன?”

“கம்பி.”

“முள் எங்க?”

“மீன்ட வாயில இருக்கும் அண்ணை.”

அதை நான் பகிடியாகச் சொல்லவில்லை என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். வாய் பழகிய பழக்கம். அவருடைய உள்ளங்கை என் இடது காதில் இறங்கியது. காதுக்குள் மூதூர் லோஞ்சு புறப்படுகிற சத்தம். குனிந்த முகத்தில் அடுத்த அறை. மூக்கால் இரத்தம் வழிந்து, நான் தெரிந்தெடுத்து வைத்திருந்த வெள்ளை இறகுகள் மேல் சொட்டியது.

அவருடைய தம்பி ஒரு பெரும்பாரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கயிற்றைக் கையில் சுற்றி, காலைப் பலகையில் உதைத்து, முழு உடம்பையும் பின்னால் சாய்த்த நேரம் என் கட்டு விட்டுவிட்டது. ஆள் மல்லாக்காக மெசின் மூடியில் விழுந்து காறை எலும்பு முறிந்து, முறிந்த முனை தோலுக்கு வெளியே வந்துவிட்டது. படகு கரைக்கு வரும்வரைக்கும் மாடு மாதிரிக் கத்தினாராம்.

சம்மாட்டி என் வலக்கையைப் பிடித்து, சுண்டுவிரலை என்னுடைய இடுக்கிக்குள் வைத்து, திருகைத் திருகினார். நகம் வெள்ளையாகி, சிவந்து, நீலமானது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா செத்து ஆறு வருடம்.

“என்ட தம்பிக்கு ஒரு எலும்பு போச்சு. உன்னட்டப் பத்து விரல் கிடக்கு. நாற்பதையும் திருப்பிக் கட்டு. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வருவன். ஒவ்வொண்டா இந்தக் கூரை வளையில கொழுவி நங்கூரக் கல்லத் தொங்கவிட்டுப் பாப்பன். ஒரு கட்டு விட்டா ஒரு விரல். விளங்கிச்சா?”

“ஓம் அண்ணை. ஓம். ஓம்.”

மூன்று ஓம் சொன்னேன். அவர் இன்னும் ஒரு சுற்றுத் திருகினார்.

நானா மெசினை விட்டு எழுந்து வந்தார். “சம்மாட்டியார், விடுங்க. விரல நசிச்சுப்போட்டா உங்கட நாற்பதையும் ஆர் கட்டுறது?”

சம்மாட்டி யோசித்தார். திருகைத் தளர்த்தினார். பழைய தூண்டில் எல்லாவற்றையும் ஒரு சாக்கிலிருந்து தரையில் கொட்டிவிட்டுப் போனார்.

சாதாரண மூளையுள்ளவன் நானாவுக்கு நன்றி சொல்லியிருப்பான். என் மூளை அசாதாரணமானது. பேச்சுவார்த்தை இல்லாத மனிதன் எனக்காக ஏன் வாய் திறக்கிறார்? உள்ளே ஏதோ குத்துகிறது. ஏன் குத்துகிறது? ஏதோ செய்திருக்கிறார்.

தூண்டில்களைப் பிரித்துத் திரும்பக் கட்டத் தொடங்கினேன். நாலாவது சுற்றில் நூல் அறுந்தது. அடுத்த கட்டையிலும் அறுந்தது. நைந்த நூல் தும்பு தும்பாகப் பிரியும் என்பதுதான் நான் கண்ட அறிவு. இது மொட்டையாக, கத்தி பட்டதுபோல அறுந்தது. முதலில் கரப்பான் பூச்சியில் ஐமிச்சப்பட்டு அறை முழுக்கத் தேடிப் பதினேழைச் செருப்பால் அடித்துச் சப்பையாக்கினேன். நசுங்கியவற்றின் வாயைக் கிட்ட வைத்துப் பார்த்தேன், பட்டு இல்லை. ஒரு பல்லியையும் கொன்றேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையென்று தெரியும். கை பரபரத்தது, கொன்றேன். பிறகு நிமிர்ந்தேன். எதிரே நானா, விரலிடுக்கில் அரைப் பிளேடு.

அன்றிலிருந்து என் பயம் இரண்டு வேலை பார்த்தது. ஒன்று, வலக்கை போனாலும் பிழைக்க வேண்டுமென்று இடக்கையைப் பழக்கியது. எழுத, சட்டைப் பொத்தான் பூட்ட, சைக்கிள் மணி அடிக்க, சாப்பிட. அக்கா தட்டை வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

“என்னடா, சோத்துக்கைய ஆருக்கும் இரவல் குடுத்திட்டியா?”

“பழகிறன்.”

“பழகு, பழகு. அப்ப மற்ற வேலைக்கு எந்தக் கை?”

நான் அதுவரைக்கும் யோசிக்கவில்லை.

பயம் பார்த்த இரண்டாவது வேலை, நானாவைக் கையும் களவுமாகப் பிடிப்பது. ஒவ்வொரு கட்டையின் நூல் முனையையும் எந்தத் திசையில் விட்டேன் என்று குறித்து வைத்தேன். காலையில் களஞ்சியத்துக்குப் போய்த் திரும்பினால் இரண்டு மூன்றின் முனை மாறியிருக்கும். நாளுக்கு ஒன்றிரண்டு கட்டை ஆணியில் இல்லாமலும் போகும், அறுத்து எறிந்துவிட்டார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஒரு பேணி மிளகாய்த்தூளைச் சாத்திய யன்னல் கதவின் மேல் விளிம்பில், தொட்டால் கவிழ்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனேன். நானா அன்று கதவைத் தொடவே இல்லை. மத்தியானம் வந்து, வழமைபோல, நான்தான் இழுத்துத் திறந்தேன்.

கண் இரண்டும் அடுப்பாக எரிந்தது. கத்திக்கொண்டு சுவரில் முட்டி நெற்றியை உடைத்தேன். ஆரோ என் தலையைப் பிடித்துக் குனிய வைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கண் திறந்தால் நானா. உடனே எனக்கு விளங்கியது: தண்ணீர் எப்படி ஆயத்தமாக இருந்தது? மிளகாய்த்தூள் இருப்பது இவருக்குத் தெரிந்திருக்கிறது! சீலை நனைக்க அவர் தினமும் ஒரு குடம் வைத்திருப்பதை ஒன்றரை வருடமாகப் பார்த்தவன் நான். அது அந்த நேரம் ஞாபகம் வரவில்லை.

வியாழக்கிழமை களஞ்சியத்தில் வேலை இல்லை, காலையிலேயே விட்டுவிட்டார்கள். நாற்பதில் பதினொன்றுதான் தேறியிருந்தது, அதிலும் நம்பிக்கை இல்லை. கடையில் வாங்கிய பருத்திநூலால் கட்டிப் பார்த்தேன். தடித்துக் குண்டாகியது, கல்லைக் கொழுவியதும் வழுகிப்போனது. அடுத்த நாள் மத்தியானம் சம்மாட்டி. சுண்டுவிரல் நகம் அப்போதே கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மற்ற ஒன்பதையும் பார்த்தபடி படியேறினேன்.

யன்னல் சாத்தியிருந்தது. என்னுடைய பக்கத்தில், என்னுடைய மேசையில் சாய்ந்தபடி நானா. இடக்கையில் என் சிவப்பு நூற்கட்டை. வலக்கையில் அரைப் பிளேடு. கட்டையின் மேலிருந்து கீழாகப் பிளேடை இழுத்தார். சுற்றுச் சுற்றாக நூல் அறுந்து, வெட்டிய தலைமயிர்போல மேசையில் விழுந்தது. இழுத்து முடித்து, இன்னுமொரு தரம் இழுத்தார்.

கதவுக்குக் குறுக்கே போடுகிற இரும்புக் கம்பி சுவரோரம் சாத்தியிருந்தது. எடுத்ததும் ஓடியதும் எனக்கு நினைவில்லை. அவர் திரும்பவும் நான் அடிக்கவும் சரி. மேசை விளிம்பில் ஊன்றியிருந்த வலக்கையில் கம்பி விழுந்தது. காய்ந்த முருங்கைக் கொப்பை முறித்த சத்தம். பிளேடு தெறித்துப் போனது.

நானா கத்தவில்லை. வாயைத் திறந்தார், காற்றுத்தான் வந்தது. பிறகு இடக்கையால் அளவுகோலை எடுத்து என் முகத்தில் விளாசினார். உதடு பிளந்து பல்லில் பட்டது. நான் திரும்பக் கம்பியை வீச, அது மெசினில் பட்டுக் கையை விட்டுப் போனது. அவர் தலையால் என் நெஞ்சில் இடித்தார். மேசை சரிந்தது, இடுக்கி அவர் முதுகில் விழுந்தது, இறகு அறை முழுக்கப் பறந்தது. இரண்டு சேவல் கொத்துப்பட்டதுபோல இருந்திருக்கும் பார்க்கிறவர்களுக்கு. யன்னற்சட்டம் பெயர்ந்து நூற்கட்டைகள் எல்லாம் எங்கள் மேல் கொட்டின. நான் அவருடைய நெஞ்சில் முழங்காலை ஊன்றினேன். கையில் அகப்பட்ட ஒரு கட்டையிலிருந்து நூலை உருவி, நாலு மடிப்பாக அவர் கழுத்தைச் சுற்றி, இரண்டு பக்கமும் இழுத்தேன்.

அறுந்தது.

திரும்ப உருவி, ஆறு மடிப்பாகச் சுற்றி இழுத்தேன். அறுந்தது. மற்றொரு கட்டை, பச்சை. பொசுக்கென்று அறுந்தது. என் இரண்டு கையிலும் மொட்டை மொட்டையான முனைகள். பிளேடு அறையின் மற்ற மூலையில் கிடந்தது.

அப்போது நானாவின் தோளுக்குப் பக்கத்தில் அவர் வெட்டிக்கொண்டிருந்த சிவப்புக் கட்டையைக் கண்டேன். மேற்சுற்றுகள் போயிருந்தன. உள்ளே இருந்தது வேறு சிவப்பு. யன்னலில் தொங்கிய நூல் செங்கல் நிறம். இது அறுத்த மீனின் செவுள் நிறம். அதன் முனையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கையில் சுற்றி இழுத்தேன். உள்ளங்கைத் தோலை வெட்டி இரத்தம் வந்தது, நூல் அசையவில்லை.

முழங்காலை எடுத்தேன். நானா புரண்டு, இருமி, என் பக்கம் பார்க்காமலே தன் மெசினுக்குக் கீழே இழுத்துத் திறக்கிற லாச்சியைக் காட்டினார். திறந்தேன். ஒன்பது கட்டைகள். மேற்சுற்றை வெட்டித் தள்ளி, உள்நூலை முனை முடிந்து, ஒவ்வொன்றையும் மண்ணிறக் கடதாசியில் சுற்றி, ஊசி வைக்கிற பேணிக்குள் அடுக்கியிருந்தார். வேப்பிலையும் போட்டிருந்தார், பூச்சிக்கு.

“ஏன் நானா சொல்லேல்ல?”

“சொன்னா சிரிப்பீங்க.” குரல் கழுத்துக்குள்ளால் கிழிந்து வந்தது. “எல்லாத்தையும் எடுத்து வைச்சிட்டுக் குடுத்தா, பேசாமக் கட்டுவீங்க எண்டு நினைச்சன். இண்டைக்கு முடிஞ்சிருக்கும்.”



சைக்கிள் பாரில் ஏற்றி அவரை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் அந்தக் கையை மற்றக் கையால் ஏந்திக்கொண்டு வந்தார். விரல்கள் கத்தரிக்காய்போல வீங்கிவிட்டன. ஆர் அடித்தது என்று அங்கே கேட்டார்கள். “யன்னல் கதவு” என்றார் நானா. நான் பக்கத்தில் உடைந்த உதட்டோடு நின்றேன். என்னையும் பார்த்தார்கள். “அதே கதவு,” என்றார்.

திரும்பி வந்து அவர் பேணியிலிருந்த நூலை எடுத்துக் கட்டத் தொடங்கினேன். மற்றக் கட்டைகளின் மேற்சுற்றை அவர் செய்தபடியே பிளேடால் இழுத்து நீக்கி, உள்நூலை உடனுக்குடன் கடதாசியில் பொதிந்து, அந்தப் பழைய விசுக்கோத்துப் பேணியில் போட்டு மூடினேன். வெள்ளி மத்தியானத்துக்கு முதல் நாற்பதும் முடிந்தது. சம்மாட்டி வந்தார். வளையில் கயிறு கட்டி, நங்கூரக் கல்லை ஒவ்வொன்றிலும் கொழுவினார். கல் சுற்றிச் சுற்றித் தொங்கியது. சில கட்டுகளில் தானும் சேர்ந்து தொங்கிப் பார்த்தார். முப்பத்தொன்பதாவதில் நான் நின்றபடியே கழுசானை நனைத்தேன். நாற்பதும் நின்றது.

“முந்தி எங்கயடா ஒளிச்சு வைச்சிருந்தாய் உந்த நூல?” என்று என் முதுகில் தட்டினார். சாக்கில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். என் பத்து விரலும் இருந்தன, ஒரு நகம் குறைய.

திங்கட்கிழமை காலை லோஞ்சில் நானா வரவில்லை. அடுத்த கிழமை அவருடைய சகோதரர் வந்து, தைத்து முடியாத சீலைகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு மெசினை ஏற்றிக்கொண்டு போனார். நான் தூக்கிவிடப் போனேன். வேண்டாம் என்று கை காட்டினார்.

நல்ல நூலை எவரும் அறுக்கவில்லை. ஒன்றரை வருடம் யன்னலில் மாட்டிவைத்து வெயிலில் கெடுத்தவன் நான். நானாவின் வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் நான் அடித்த இடத்தில் எலும்பு நொறுங்கியிருந்தன. கட்டு அவிழ்த்தபின் அவை மடங்கவில்லை. அவர் பிறகு கத்தரிக்கோல் பிடிக்கவில்லை.